வட்டுக்கோட்டையில் கார் பற்றறி

கார் பற்றறி ஆறு அறைகள் கொண்ட பெட்டி. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் ஈயவீரொட்சைட்டுத் தகடுகளும் மாறிமாறி நிற்கும். அவற்றை மூடி நிற்பது நீர் கலந்த சல்பூரிக்கமிலம். ஓர் அறை தருவது இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல். ஆறும் தொடராக இணைவதால் நிறைந்த பற்றறியின் முனைகளில் 12.6 வோல்ற் அளவில் இருக்கும். மின் வெளியேறும்போது இருவகைத் தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. வெளியிலிருந்து மின்னைச் செலுத்தினால் சல்பேற்று கரைந்து பழைய நிலை திரும்புகிறது. 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே கண்டறிந்த இந்த வேதியியல் இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் சந்தியில் மண்ணெண்ணெய்ப் புகை கக்கி நின்ற ஒஸ்ரின் ஏ40இலும், இன்று அதே சந்தியைச் சத்தமில்லாமல் கடக்கும் ரொயோட்டா அக்குவாவிலும் வேலை செய்வது அதே ஈயமும் அமிலமுந்தான்.

காருக்கான பற்றறி ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டது. ஸ்ரார்ட்டர் மோட்டரைச் சுழற்றச் சில விநாடிகளுக்கு நூறு, இருநூறு ஆம்பியர் மின்னை அது ஒரே மூச்சில் தரவேண்டும்; அதன்பின் இயந்திரம் ஓட, இழந்ததை உடனே திருப்பிப் பெறவேண்டும். இதற்காகவே தகடுகள் மெல்லியனவாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் வைக்கப்படுகின்றன. மெதுவாக, மணிக்கணக்கில், அடிவரை மின்னை இறைப்பது இந்த மெல்லிய தகடுகளுக்குப் பொருந்தாது. பற்றறி முற்றாக வெறுமையாகும் ஒவ்வொரு தடவையும் தகட்டில் பூசிய பசை கொஞ்சம் உதிர்கிறது. வெறுமையாகவே நாட்கணக்கில் கிடந்தால் சல்பேற்று கடினப் பளிங்காக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது.

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அன்றுதொட்டு வட்டுக்கோட்டையில் கார் பற்றறி செய்த வேலையில் பெரும்பகுதி, அது எதற்காகச் செய்யப்படவில்லையோ அந்த வேலை. படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம், வானொலி, எப்போதாவது ஒரு பன்னிரண்டு வோல்ற் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி எல்லாம் அதிலிருந்துதான். பெரும்பாலான வீடுகளில் பற்றறியும் இல்லை. அங்கே ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்கும், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி டைனமோவிலிருந்து ஓடவைத்த வானொலியுமே இருந்தன. ஒருவர் சுற்ற, மற்றவர்கள் குனிந்திருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ற், மூன்று வாற், அதுவும் ஆடலோட்டம். ஒரு டயோட்டும் கொண்டென்சரும் சேர்த்தால் சிறு வானொலிக்கு அது போதும். கார் பற்றறியைச் சார்ஜ் பண்ண எட்டாது.

ஆகவே பற்றறி வைத்திருந்த வீடு அதைப் பேணியது. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, எந்த அளவுக்கு மேல் இறைக்கக்கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். விளக்கு மங்கிச் செம்மை தட்டும்வரை எரித்தால் பற்றறி கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொன்னதில் வேதியியல் முழுதும் இருந்தது. அன்றைய மட்டுப்பாட்டில் அந்த ஊர் மக்கள் கைவழியாகக் கற்ற அறிவு, பாடப்புத்தகத்தில் உள்ளதற்குக் குறைந்ததல்ல. இன்று கடையில் புதுப் பற்றறி வாங்குபவருக்கு அதில் முக்காற் பங்கு அப்படியே பயன்படும். மீதிக் காற் பங்கு இன்றைய வாகனத்தில் தீமை செய்யும். இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

முதலில் தண்ணீர். மூடி திறக்கும் பற்றறியில் சார்ஜ் ஏறும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும், அமிலம் போவதில்லை. எனவே குறைவதை நிரப்ப நீரே போதும், ஆனால் உப்பில்லாத நீர் வேண்டும். குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் கல்சியம் கூடுதல், கடலோர அராலிப் பக்கம் போகப்போகச் சவரும் கூடும். அந்த நீரிலுள்ள குளோரைட்டு தகட்டின் சட்டத்தை அரித்துவிடும். கடையில் பற்றறித் தண்ணீர் கிடைக்காத காலத்தில் மாரி மழையே அதைத் தந்தது. கூரையில் பட்டு ஓடுவதையோ தகரப் பீலியில் வருவதையோ எடுக்கமாட்டார்கள். முதல் மழை புழுதியைக் கழுவிப் போனபின், முற்றத்து வெளியில் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் வைத்து நேராக விழும் மழையைப் பிடித்துப் போத்தலில் மூடி வைப்பார்கள். தகட்டுக்கு மேல் ஒரு விரற்கட்டை உயரம் நிற்க ஊற்றவேண்டும். வாய்வரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து முனைகளையும் பெட்டி இருக்கும் தட்டையும் அரிக்கும்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீருக்குள் சிறிது சிறிதாக விடவேண்டும். நீரை அமிலத்துக்குள் விட்டால் கொதித்துத் தெறிக்கும். இதைக் கண் கொடுத்துக் கற்றவர்கள் உண்டு. பாவனையில் உள்ள பற்றறிக்கு, அமிலம் கொட்டுண்டாலொழிய, அமிலம் சேர்க்கும் தேவை வராது. வலுக்குறைந்த பற்றறிக்கு அமிலம் விட்டால் உயிர்வரும் என்ற நம்பிக்கை இன்னும் சில இடங்களில் உள்ளது. ஓரிரு நாள் அது உயிர் வந்ததுபோல் காட்டும். தகடு அதைவிட விரைவில் போகும்.

சார்ஜ் பண்ணுவதற்கு மின்சாரம் இல்லாத ஊரில் வேறு வழி தேடவேண்டியிருந்தது. தோட்டத்துத் தண்ணீர்ப்பம்பு இயந்திரத்தோடு கழற்றிய கார் டைனமோவைப் பெல்ற் போட்டு இணைத்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுவார்கள். சைக்கிள் கரியரில் பற்றறியைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். காலையில் கொடுத்தால் மாலையில் எடுக்கலாம். நல்ல கைகாரர் அவசரப்படமாட்டார். நாற்பது ஆம்பியர்-மணிப் பற்றறிக்கு நாலு ஆம்பியருக்கு மேல் ஏற்றமாட்டார். கொள்ளளவில் பத்திலொன்று என்ற அந்தக் கணக்கு இன்றும் வீட்டுச் சார்ஜருக்குச் சரி. குமிழி வரத் தொடங்கியதும் ஏற்றத்தைக் குறைப்பார்கள். அந்தக் குமிழிகளில் இருப்பது ஐதரசன். தீப்பொறி பட்டால் பற்றறி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கே கதியென்றிருந்த காலத்தில் இந்த எச்சரிக்கை வெறும் பேச்சல்ல. இருட்டில் எத்தனை அறையில் தண்ணீர் இருக்கிறது என்று விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்க்க எவருக்கும் மனம் வரும். பொழுதுபடுமுன் மூடியைத் திறந்து பார்த்து முடிப்பதே ஒழுங்காக இருந்தது.

பற்றறியின் நிலையை அளக்க அன்று கையிலிருந்தது ஹைட்ரோமீற்றர்: ரப்பர்க் குமிழும் கண்ணாடிக் குழாயும் உள்ளே ஒரு மிதவையும். அமிலத்தை உறிஞ்சி மிதவை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தால் அடர்த்தி தெரியும். நிறைந்த பற்றறியில் 1.25 தொடக்கம் 1.27 வரை, 1.20க்குக் கீழே வந்தால் சார்ஜுக்கு அனுப்பவேண்டும், 1.12 என்றால் வெறுமை. ஆறு அறையில் ஐந்து சமமாக நின்று ஒன்று மட்டும் 0.05 குறைந்தால் அந்த அறை போய்விட்டது என்று பொருள். முழுப் பற்றறியையும் வோல்ற் மீற்றரால் அளப்பதைவிட இது ஒருபடி மேல், ஏனெனில் எந்த அறையில் நோய் என்பதையும் சொல்லும். மூடி ஒட்டிய இன்றைய பற்றறிகளில் இந்த வாய்ப்பு இல்லாமற் போனது ஓர் இழப்புத்தான். அவற்றின் மேலே உள்ள சிறு கண் பச்சை காட்டினாலும் அது ஒரே ஓர் அறையின் செய்தி.

அந்நாளில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களுக்குப் பற்றறி வலுக்குறைந்தாலும் வழி இருந்தது. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றலாம், அல்லது நாலுபேர் தள்ளலாம். கார்புரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மூளாய் வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோக இரவில் ஒரு காரை எழுப்புவது ஒழுங்கை முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு பற்றறியால் இரண்டு காரை ஓட்டும் வித்தையும் இருந்தது: முதற் காரை எழுப்பி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவே பற்றறியைக் கழற்றி அடுத்ததில் பூட்டுவார்கள். டைனமோ உள்ள காரில், இயந்திரம் சற்று வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், தீப்பொறிக்கு வேண்டிய மின்னை டைனமோவே தந்துவிடும்.

நன்மை செய்த இந்த வித்தையே இன்று முதலில் மறக்கவேண்டியது. இன்றைய வாகனத்தில் டைனமோ இல்லை, அல்ரனேற்றர் இருக்கிறது. அது ஓடும்போது பற்றறியைக் கழற்றினால், மின்னைத் தாங்கி நிற்க எதுவும் இல்லாமல் வோல்ற் ஒரு கணத்தில் பலமடங்கு எகிறும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி எரிந்துபோக அந்தக் கணம் போதும். தள்ளி ஸ்ரார்ட் பண்ணுவதும் கியர் கையால் மாற்றும் வாகனத்தில் மட்டுமே நடக்கும். ஒட்டோ கியர் காரையும் ஹைபிரிட் காரையும் எத்தனைபேர் தள்ளினாலும் எழாது. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு எர்த் ஆகப் பூட்டப்பட்டிருந்தது. இன்று எல்லாவற்றிலும் எதிர்முனை. பழைய பழக்கத்தில் முனை மாறிப் பூட்டினால் அல்ரனேற்றரின் டயோட்டுகள் உடனே போகும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. வட்டுக்கோட்டையும் அதில் வெறிச்சோடியது. அடுத்த ஆண்டு சனங்கள் திரும்பி வந்தபோது, முற்றத்தில் கார் நின்ற வீடுகளில் பற்றறி களவு போயிருந்தது, அல்லது அரையாண்டு வெறுமையாய்க் கிடந்து வெண்சல்பேற்று பூத்திருந்தது. இத்தகைய பற்றறியை மெதுவான ஏற்றத்தால் நாட்கணக்கில் மீட்கப் பலர் முயன்றனர். இறுகிப்போன பளிங்கு மீள்வது அரிது. பாதிக் கொள்ளளவு மீண்டாலே பெரிது. பெருந்தடை நீங்கி 2002இல் ஏ9 வீதி திறந்தபின்தான் கொழும்பிலிருந்து புதுப் பற்றறி தாராளமாக வந்தது. போர் முடிந்த 2009க்குப் பின் வான்களும் ஓட்டோக்களும் நிறைந்தன. வரிச்சலுகை இருந்த ஆண்டுகளில் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் ஊர் ஒழுங்கைகளுக்குள்ளும் வந்துசேர்ந்தன.

இன்றைய வாகனத்தில் பற்றறி கெடுவதற்கான காரணங்களில் ஒன்று வெப்பம். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. சித்திரை, வைகாசியில் மூடிய பொனற்றுக்குள் வேகும் பற்றறி, தை மாதத்துப் பனிக்காலை வரை தன் நோயை வெளிக்காட்டாது. குளிர்ந்த இயந்திரம் சுழலக் கூடுதல் வலு கேட்கும் அந்தக் காலையில்தான் கைவிடும். எனவே தைக்கு முன், மாரியிலேயே சோதித்துக்கொள்வது நல்லது. அடுத்த காரணம் சோழகக் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை அராலிக் கடற்பக்கமிருந்து வீசும் அந்தக் காற்றில் உப்பும் புழுதியும் சேர்ந்து வரும். முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூக்கும் படிவு மின்னைத் தடுக்கும். நல்ல பற்றறியையும் செத்ததென்று எண்ணவைக்கும். அப்பச்சோடா கரைத்த சுடுநீர் ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரசால் தேய்த்தால் படிவு நுரைத்துப் போகும். துடைத்துக் காயவிட்டு, இறுகப் பூட்டியபின் மேலே கிறீஸ் அல்லது வஸ்லின் பூசவேண்டும். பூசிவிட்டுப் பூட்டுவது தவறு. கராச்சுக்குப் போகுமுன் இதைச் செய்து பார்த்தாலே பல பற்றறிகள் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் ஓடாமல் நிற்பது. இந்த ஊரில் இப்போது அதிகம் பற்றறிகளைக் கொல்வது இதுதான். வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினருக்கென்று முற்றத்தில் மூடி வைத்த கார்கள் எத்தனையோ. சாவியை எடுத்தபின்னும் கணினியும் பூட்டும் எச்சரிக்கை மணியும் இருபது தொடக்கம் ஐம்பது மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டேயிருக்கும். நாற்பது என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர்-மணி. முப்பத்தைந்து ஆம்பியர்-மணிச் சிறு பற்றறி இரண்டரைக் கிழமையில் பாதியாகிவிடும். 2020இன் ஊரடங்கிலும், 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்று பின் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றரோடு வண்டியை முடக்கிவைத்த மாதங்களிலும் இப்படி மாண்டவை ஏராளம். கிழமைக்கொருதடவை ஐந்து நிமிடம் எழுப்பி நிறுத்துவது போதாது; எழுப்பச் செலவான மின்னே அதில் திரும்பாது. சங்கரத்தையிலிருந்து வட்டுக்கோட்டையிலேயே உள்ள யாழ்ப்பாணக் கல்லூரி வாசல் வரை மட்டும் ஓடும் பாடசாலை வானுக்கும் இதே குறை. யாழ்ப்பாண நகரம் வரை ஒருதடவை போய்வந்தால் பற்றறிக்கு உணவாகும். நெடுநாள் நிறுத்துவதானால் எதிர்முனையைக் கழற்றிவிடலாம். தானாக நிறுத்தும் சிறு சார்ஜரைப் பூட்டிவைப்பது அதைவிடச் சிறந்தது.

சோதிக்க ஒரு மல்ரிமீற்றர் போதும். இரவு முழுதும் நின்ற வாகனத்தில் காலையில் அளந்தால் 12.6 நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே வெறுமைக்கு அருகில். சாவியைத் திருப்பி இயந்திரம் சுழலும்போது பத்து வோல்ற்றுக்கு மிகக் கீழே விழுந்தால் பற்றறி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8 தொடக்கம் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் குற்றம் அல்ரனேற்றரிலோ பெல்ற்றிலோ இருக்கும், புதுப் பற்றறி வாங்கினாலும் அதுவும் சாகும். இந்த மூன்று அளவையும் எடுக்காமல் பற்றறி மாற்றச் சொல்பவரின் பேச்சை ஏற்கவேண்டியதில்லை.

மாற்றும்போது பழையதின் மேலுள்ள குறியைப் படிக்கவேண்டும். ஜப்பானிய முறையில் 55பி24எல் என்றிருந்தால் முதல் எண் வலுவின் தரம், பி அகல உயர வகுப்பு, 24 நீளம் சென்ரிமீற்றரில், எல் அல்லது ஆர் நேர்முனை எந்தப் பக்கம் என்பது. இந்தக் கடைசி எழுத்தைப் பாராமல் வாங்கினால் வயர் எட்டாது. இழுத்து எட்டவைப்பது ஆபத்து. சிக்னலில் தானே அணைந்து எழும் வாகனங்களுக்கு எம்42, என்55 போன்ற குறியுள்ள வலுவான வகை வேண்டும். சாதாரணமானதைப் போட்டால் விரைவில் தேயும். கடையில் நெடுநாள் கிடந்ததும் வேண்டாம். செய்த திகதியைப் பார்த்து, மீற்றர் வைத்து 12.4க்குக் குறையாததையே எடுக்கவேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில். ஸ்பனர் வாகனத்தின் உடலில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இதுவே வழி. பிடிபட்டியை இறுக்காமல் விட்டால் ஒழுங்கைக் குலுக்கலில் தகடு உதிரும். மின் அறுந்தபின் ஜன்னல்களின் தானியக்கமும் மணிக்கூடும் மறந்துபோயிருக்கும். இயந்திரம் சில நிமிடம் சீரின்றி நின்றோடும். இவை பழுதல்ல.

ஹைபிரிட் காரில் பற்றறி இரண்டு. பல பிரியஸ்களில் 201.6 வோல்ற், முதல் தலைமுறை அக்குவாவில் 144 வோல்ற் உள்ள நிக்கல் பற்றறி சக்கரத்தைச் சுழற்றுவது. செம்மஞ்சள் வயர் போகும் அந்தப் பக்கம் பயிற்சியில்லாதவர் கை வைக்கக்கூடாது. வீட்டுக்காரர் செய்யக்கூடியது, பின்சீற்றருகே அதற்குக் காற்றிழுக்கும் வாயைப் புழுதியின்றி, துணிப்பை எதுவும் மூடாமல் வைத்திருப்பது. மற்றது சாதாரணப் பன்னிரண்டு வோல்ற் பற்றறி, சிறியது, பெரும்பாலும் காரின் பின்பக்கத்தில் இருப்பது. அது இயந்திரத்தைச் சுழற்றுவதில்லை, கணினியை மட்டும் எழுப்புகிறது. ஆகவே தளர்வதை முன்கூட்டிக் காட்டாமல் ஒருநாள் திடீரென நின்றுவிடும். ஆட்கள் இருக்கும் அறைக்குள்ளேயே அது இருப்பதால் வாயுவை வெளியே கொண்டுபோகும் சிறு குழாயை மறக்காமல் பூட்டவேண்டும். குழாய்த் துளையில்லாத பற்றறியை அங்கே போடக்கூடாது. நின்ற இடத்தில் சார்ஜ் ஏற்ற, ‘ரெடி’ விளக்கு எரியக் கியரைப் ‘பி’யில் வைத்து விடவேண்டும். ‘என்’னில் பெரிய பற்றறிக்குச் சார்ஜ் ஏறாது. எரிபொருள் வரிசையில் பெற்றோல் முடிந்த ஹைபிரிட் கார்களை மின்னிலேயே அங்குலம் அங்குலமாக நகர்த்தியவர்கள் பெரிய பற்றறியையும் வெறுமையாக்கிவிட்டு நின்றார்கள். வீட்டுச் சார்ஜரால் அதை மீட்கமுடியாது.

வேறொரு வாகனத்திலிருந்து ஜம்ப் பண்ணும்போது நேர்முனையோடு நேர்முனை. உதவும் வாகனத்தின் எதிர்முனையிலிருந்து வரும் வயரை, நின்றுபோன வாகனத்தின் பற்றறியில் பூட்டாமல் எட்டவுள்ள இயந்திர இரும்பில் பூட்டவேண்டும். பொறி அங்கே பறந்தால் ஐதரசனுக்கு எட்டாது. ஹைபிரிட் கார் உதவி பெறலாம். டீசல் வானுக்கு உதவப்போனால் ஹைபிரிட் காரின் சிறு பற்றறியும் அதைச் சார்ஜ் பண்ணும் மின்மாற்றியும் தாங்கா.

கழற்றிய பழையதைப் பற்றறிக் கடையே விலைக்கு எடுக்கும். அதன் ஈயம் மீண்டும் பற்றறியாகும். ஒருகாலத்தில் கரையோரத்தில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்காக வீட்டடுப்பிலேயே தகடுகளை உருக்கினார்கள். அந்தப் புகையும் சாம்பலும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. கிணற்றடியில் ஊற்றிய அமிலத்தோடு போன ஈயம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நேராக நிலத்தடி நீருக்கே இறங்கும். கொண்டுபோகும்வரை பழைய பற்றறியை நிமிர்த்தி, முனைகளுக்கு ரேப் ஒட்டி, பிள்ளைகள் எட்டாத நிழலில் வைக்கவேண்டும்.